நூல் வழங்குவதோடு பணி முடிவதில்லை

1905ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி சிக்காகோ நகரில் சட்டத்தரணி போல் ஹரிஸும் மூன்று நண்பர்களும் கூடியபோது உருவானதே றோட்டரிக் கழகம். நட்புறவுக்காகத் தொடங்கிய அக்கழகம், 1907இல் அந்நகரில் பொதுக் கழிவறை அமைக்கும் முயற்சியின் மூலம் சமூகப் பணியில் இறங்கியது. 1929இல் கொழும்பிலும் கிளை அமைந்தது. இன்று அடிப்படைக் கல்வியும் எழுத்தறிவும் அதன் முதன்மைப் பணிகளுள் அடங்கும்.

1945 முதல் இலவசக் கல்வியும் 1980 முதல் இலவசப் பாடநூல்களும் வழங்கப்பட்டுவரும் நம் நாட்டில் இத்தகைய கழகங்களுக்கு என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். பாடநூல் பரீட்சைக்கு உதவும். வாசிப்பில் விருப்பை ஊட்டுவதோ கதைநூல். அன்றாடச் செலவுக்கே திண்டாடும் பெற்றோர் அதனை எங்ஙனம் வாங்குவர்? இக்குறையை நிரப்பவே சேவைக் கழகங்கள் முன்வருகின்றன.

ஆயினும், அலுமாரியில் பூட்டப்பட்ட நூலால் எந்தப் பிள்ளைக்கும் பயனில்லை. எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளையின் அருகிலமர்ந்து, வாரத்தில் ஒரு மணி நேரமேனும் சேர்ந்து வாசிக்க ஒருவர் வேண்டும். சனசமூக நிலையங்களும் பாடசாலை நூலகங்களும் இதற்கு உகந்த இடங்கள். ஒக்டோபர் வாசிப்பு மாதத்துடன் ஓய்ந்துவிடாது, ஆண்டு முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தை நம் பிள்ளைகளுக்கு வழங்குமாறு சேவைக் கழகங்களை வேண்டுகிறோம்.