உங்களுக்குத் தெரியுமா? புனேயின் பாலும் அதைச் சுரக்கும் தாய்களும்

விடிவதற்குள் புனே வீட்டு வாசல்களில் வந்து சேரும் ஒவ்வொரு பால் பாக்கெட்டுக்கும் பின்னால் ஒரு பிரசவம் இருக்கிறது. கன்று ஈன்றால்தான் மாடு பால் தரும். பசு ஏறக்குறைய 280 நாள் சினை சுமக்கிறது, எருமை ஏறக்குறைய 310 நாள். ஈன்ற சில மாதங்களில் அது மறுபடியும் சினையாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஈத்து தள்ளிப்போய், பால் வற்றிய பிறகும் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். நகரத்தில் வளரும் பிள்ளைகளில் பலர் மாடு என்றாலே பால் கறக்கும் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

●

ஒரு லிட்டர் பால் ஊற, ஏறக்குறைய 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடிக்குள் ஓடியாக வேண்டும். கொட்டிலில் சும்மா படுத்து அசைபோடுவதாக நாம் நினைக்கும் நேரத்திலும் கறவை மாட்டின் உடல் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

●

மராட்டிய மாநிலக் கடைகளில் எருமைப் பால், பசும்பால் எனத் தனித்தனியாகக் கேட்டு வாங்குவார்கள். எருமைப் பாலில் கொழுப்பு 7 சதவீதம் அளவுக்கு இருக்கும், பசும்பாலில் 4 சதவீதத்தை ஒட்டி. எருமைப் பால் தும்பைப்பூப் போல வெளுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. புல்லிலிருந்து கிடைக்கும் மஞ்சள் நிறக் கரோட்டினை எருமை தன் உடலிலேயே வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. பசு அதில் ஒரு பங்கைப் பாலிலேயே விட்டுவிடுவதால் பசு நெய் மஞ்சளாக இருக்கிறது.

எருமைப் பாலைப் பொடியாக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் வெளிநாட்டு வல்லுநர்கள் சொன்னார்கள். 1955-இல் குஜராத்தின் ஆனந்தில் எச்.எம். தலாயா அதைச் செய்து காட்டினார். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பசுவினம் 19 கோடிக்கு மேல், எருமை சுமார் 11 கோடி. எண்ணிக்கையில் இவ்வளவு குறைந்த எருமையினம்தான் நாட்டின் மொத்தப் பாலில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கைத் தருகிறது. பசுவுக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதியாவது எருமைக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

●

பண்டர்பூரி எருமையைப் பார்த்திருக்கிறீர்களா? சோலாப்பூர், சாங்லி, கோலாப்பூர் வட்டாரத்து இனம். வாள் போன்ற கொம்புகள் பின்னோக்கி வளைந்து தோளையும் தாண்டி நீளும். வறண்ட வெயிலைத் தாங்கும், வருடத்துக்கு ஒரு கன்று என்ற கணக்கை ஓரளவு காப்பாற்றிவிடும். இதன் பெரிய குணம், ஒரே நாளில் பல தடவை பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது. அதனால்தான் கோலாப்பூரில் எருமையைத் தெருவுக்கே ஓட்டிவந்து, கேட்பவர் முன்னால் பாத்திரத்தில் பீய்ச்சிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. நுரையோடும் மடிச்சூட்டோடும் இருக்கும் அந்தப் பாலுக்கு மராத்தியில் ‘தாரோஷ்ண’ என்று பெயர். கோலாப்பூர் மல்யுத்த வீரர்களுக்குப் பிடித்த பால் இது. பார்க்க அழகான வழக்கம்தான். ஆனாலும் காய்ச்சாத பாலில் புருசெல்லா கிருமியும் காசநோய்க் கிருமியும் இருக்க வாய்ப்புண்டு. காய்ச்சிக் குடிப்பதே நல்லது.

●

புனேயிலிருந்து சோலாப்பூர் சாலையில் முப்பது கிலோமீட்டர் போனால் உருளி காஞ்சன். 1946 மார்ச்சில் காந்தியடிகள் இங்கே தங்கி இயற்கை மருத்துவ ஆசிரமத்தைத் தொடங்கினார். அதை நடத்தும் பொறுப்பு மணிபாய் தேசாய் என்ற குஜராத்தி இளைஞர் கையில் வந்தது. அவர் அங்கே கிர் பசுக்களை வளர்க்க ஆரம்பித்து, 1967-இல் பைஃப் என்ற நிறுவனத்தை அமைத்தார். ஏழைக் குடியானவனின் மெலிந்த பசுவை மேம்பட்ட காளையின் வித்தோடு சேர்த்தால் அடுத்த தலைமுறைக் கிடாரி நன்றாகக் கறக்கும், அந்தப் பாலில் ஒரு குடும்பம் நிமிரும் என்பது அவர் கணக்கு. சினைக்கு வந்த மாட்டை மைல்கணக்கில் ஓட்டிப்போக வேண்டியதில்லை, சினை ஊசி போடுபவரே வீட்டு வாசலுக்கு வருவார் என்ற ஏற்பாடு அந்த நாளில் பெரிய காரியம். கால் மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய குழலில் அடைத்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்த வித்து பல ஆண்டுகள் கெடாது. மணிபாய் 1982-இல் மகசேசே விருது பெற்றார்.

●

புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் இராணுவத்துக்கென்றே ஒரு பால் பண்ணை இருந்தது. நாட்டின் முதல் இராணுவப் பண்ணை 1889-இல் அலகாபாத்தில் தொடங்கியது. ஹோல்ஸ்டீன் பிரீசியனையும் நம் சாஹிவாலையும் கலந்து ‘பிரீஸ்வால்’ இனத்தை உருவாக்கியதில் இந்தப் பண்ணைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 2021 மார்ச் 31-இல் இந்தப் பண்ணைத் துறைக்கே மூடுவிழா நடந்தது.

●

பசு இரட்டைக் கன்று போட்டு, ஒன்று காளைக்கன்றாகவும் மற்றது கிடாரியாகவும் இருந்தால் மகிழ்ச்சியோடு கவலையும் சேர்ந்தே வரும். கருப்பையில் இரண்டின் இரத்தமும் கலந்துவிடுவதால், அப்படிப் பிறக்கும் கிடாரிகளில் பத்துக்கு ஒன்பது மலடாகவே இருக்கும்.

●

கன்று முட்டியதும் பசுவின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் சுரந்து, மடியில் தேங்கிய பாலைக் காம்புக்குத் தள்ளுகிறது. கன்று செத்துப்போனால் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாய் முன்னால் வைப்பது நம் ஊர்களிலும் பழைய வழக்கம். அதட்டினாலோ அடித்தாலோ மாடு பாலை அடக்கிக்கொள்கிறது. பயத்தில் ஊறும் அட்ரினலின் அந்தச் சுரப்பைத் தடுப்பதுதான் காரணம். இதற்குக் குறுக்குவழியாகக் கறக்கும்போதெல்லாம் ஆக்சிடோசின் ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டின் உடலைக் கெடுக்கும் ஊசியைப் பாலுக்காகப் போடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் பக்கத்தில் நடந்தால் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

●

மராட்டியர்களின் தீபாவளி வசு பாரஸ் அன்று தொடங்குகிறது. அன்று பசுவையும் கன்றையும் சேர்த்தே பூஜிப்பார்கள். பாலும் பால் பண்டமும் தொடாமல் விரதம் இருப்பவர்களும் உண்டு. நம் மாட்டுப் பொங்கலுக்கு நெருங்கிய உறவு.

அதே புனேயில் கர்வஸ் என்றால் உயிரை விடுவார்கள். நம் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்த இனிப்புதான் அது. வாயில் வைத்தால் கரையும், சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே நோய் எதிர்ப்புப் பொருள்களைப் பெற்றுவிடுகிறது. பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. பிறந்த கன்றுக்கு எல்லாமே சீம்பாலில்தான் கிடைக்க வேண்டும். அதை உறிஞ்சும் திறன் கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரம் நன்றாக இருக்கும், ஒரு நாள் முடிவதற்குள் அநேகமாக அடைபட்டுவிடும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் அதன் வயிற்றுக்குள் போக வேண்டும். நன்றாகக் கறக்கும் மாட்டில் அதற்கு மேலும் மிஞ்சும். மிஞ்சியதை நாம் தாராளமாகச் சாப்பிடலாம். மாடு வைத்திருக்கும் தெரிந்தவரிடம் அடுத்த முறை சீம்பால் கேட்கும்போது, கன்று வயிறார முதலில் குடித்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.