ரயில் வேகம்: உச்சமும் சராசரியும்

டெல்லித் தமிழர்களுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஏறக்குறைய 2,180 கி.மீ., சுமார் 33 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 66 கி.மீ. “நூறைத் தாண்டிப் போறதே!” என்பார் எங்கள் பக்கத்து வீட்டு மாமா. அது உச்ச வேகம். நம்மை ஊர் சேர்ப்பது சராசரிதான்.

பிரான்சின் டி.ஜி.வி. 2007-இல் சோதனை ஓட்டத்தில் 574.8 கி.மீ. வேகத்தைத் தொட்டது. பயணிகளோடு ஓடுவதோ 320 வரைதான். சாதனைகளைவிட எனக்கு வியப்பு, சீனாவின் பெய்ஜிங்–ஷாங்காய் வண்டி. 1,318 கி.மீ. தூரத்தை நாலரை மணிக்குள் முடிக்கிறது. சராசரியே 300-ஐ ஒட்டி. அந்தக் கணக்கில் சென்னை நமக்கு ஏழரை மணிப் பயணம். அப்பாவுக்கு முடியலை என்று போன் வந்தால், காலையில் கிளம்பி சாயங்காலம் அவர் பக்கத்தில் இருக்கலாம்.

இதற்கு எஞ்சின் மட்டும் போதாது. 1964-இல் ஷின்கான்சென் விட்ட ஜப்பானியர், 1,067 மி.மீ. பழைய பாதையை அப்படியே விட்டுவிட்டு, 1,435 மி.மீ. அகலத்தில் தனித் தடமே போட்டார்கள். லெவல் கிராஸிங் கிடையாது. சரக்கு வண்டி உள்ளே வராது. வளைவுகளும் பெரும்பாலும் மிக விரிந்தவை. உச்ச வேகம் அன்றே 210.

நம் அகலப்பாதை 1,676 மி.மீ., அதையும் மிஞ்சியது. ஆனால் நிலக்கரி வேகனும் பாசஞ்சரும் எக்ஸ்பிரஸும் ஒரே தடத்தில். ஒன்று முந்த, இன்னொன்று ஒதுங்கி நிற்க வேண்டும். வந்தே பாரத்தை 180-க்கென வடிவமைத்தும், டெல்லி–ஆக்ரா போன்ற இடங்களில்தான் 160-ஐத் தொட முடிகிறது. மும்பை, கொல்கத்தா திசைகளில் சரக்குக்கென்று தனித் தடம் வந்திருக்கிறது. சென்னைப் பாதைக்கு இன்னும் இல்லை.