உங்களுக்குத் தெரியுமா? குளிருக்கு முன்பே கிளம்பிவிடும் உள்ளான்கள்

கோடியக்கரைச் சதுப்பில் புரட்டாசி, ஐப்பசியில் கூட்டம் கூட்டமாக மேயும் உள்ளான்கள் வடக்கத்திக் குளிருக்குப் பயந்து ஓடிவந்தவை என்றே பலரும் நினைக்கிறார்கள். அவை கிளம்பும் காலம் அதற்கு ஒத்துவரவில்லை. கீழ்நோக்கி வளைந்த அலகுள்ள ஓர் உள்ளான் இனம் சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடுகிறது. அடைகாப்பதிலும் குஞ்சு வளர்ப்பதிலும் ஆணுக்குப் பங்கில்லை (பொறுப்பற்ற அப்பா என்று திட்டுவதானால் திட்டலாம்). அங்கே நல்ல கோடையாக இருக்கும் ஜூலையிலேயே ஆண்கள் தெற்கே புறப்பட்டுவிடும். பிறகு தாய்ப்பறவைகள், கடைசியில், பெற்றோர் துணையின்றி, அந்த ஆண்டுக் குஞ்சுகள். குளிர்தான் விரட்டுகிறது என்றால் பெரியவை இத்தனை முந்திக்கொள்ள வேண்டியதில்லை.

குளிருக்குப் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் அது பறவையின் உடலைவிட அதன் இரையைத்தான் முதலில் தாக்குகிறது. உறைந்த மண்ணில் அலகு இறங்காது. ‘இரை இங்கேயே கிடைக்கும்போது ஏன் திரும்பிப் போக வேண்டும்?’ என்பது நியாயமான கேள்வி. துருவக் கோடையில் சூரியன் மறையாத நாட்களில் பூச்சிகள் பெருகிக் கிடக்கும். குஞ்சு வளர்க்க அதைவிட வசதியான இடம் இல்லை. இங்கேயும் இரை எட்டும் இடத்தில்தான் பறவை நிற்கும்; ஆகவே பறவை பார்க்கப் போகிறவர் வானிலையோடு நீர்மட்டத்தையும் விசாரித்துக்கொள்வது நல்லது. சிட்டுக்குருவி அளவேயான கொசு உள்ளானுக்குக் கால் நனையும் சேறுதான் வேண்டும். ஐப்பசி மழையில் நீர் ஏறிவிட்டால் அது இடம் மாறிவிடும். நெட்டைக்கால் பூநாரைக்கு அந்தக் கவலை குறைவு.