பல் வலியும் பயமும்

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே, பெங்களூர் செல்லும் ராஜபாட்டையில் இருக்கிறது சூளகிரி. மூன்று பாஷைகள் புழங்கும் ஊர். நாம் 'பல்' என்பதைக் கன்னடியர் 'ஹல்லு' என்பர். தெலுங்கர் 'பன்னு' என்பர். பெயர் எதுவாயினும், நள்ளிரவில் கடைவாய்ப் பல் குடையத் தொடங்கினால் மூவரும் தேடுவது அஞ்சறைப் பெட்டியிலுள்ள கிராம்பைத்தான்!

கிராம்பைப் பரிகசிக்க வேண்டாம். அதன் தைலத்திலுள்ள யூஜினால் என்னும் சத்து வலியைச் சற்று மரக்கச் செய்வது உண்மையே. ஆனால் சொத்தை பல்லின் உட்கூழை எட்டிவிட்டால், கிராம்பு வலியை மறைக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. அந்தக் கூழை அகற்றி, வேரின் நுண்குழாய்களைச் சுத்தம் செய்து அடைப்பதே பல்லைக் காக்கும் வழி. இதுவே ரூட் கானல் சிகிச்சை. "நரம்பையே தோண்டுவார்களாமே!" என்று அஞ்சி நாட்களைக் கடத்துவோர் கடைசியில் பல்லையே பறிகொடுக்கிறார்கள்.

அந்த அச்சத்திற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1884ல் வியன்னா நகரத்து டாக்டர் கார்ல் கோலர், கோகெயின் கண்ணை மரக்கச் செய்வதைக் கண்டறிந்தார். அமெரிக்க டாக்டர் ஹால்ஸ்டெட் அதை நரம்பருகே ஊசியால் செலுத்தி வெற்றி கண்டார். ஆனால், பாவம், அந்த மருந்துக்கே அடிமையானார்! 1905ல் நோவோகெயின் வழக்கத்திற்கு வந்தது. 1943ல் ஸ்வீடன் தேசத்து லோஃப்கிரென் லிக்னோகெயினை உருவாக்கினார். இன்றும் நம் பல் வைத்தியர்கள் பெரிதும் கையாள்வது இதைத்தான்.

இம்மருந்து மனிதரை உறங்க வைப்பதில்லை. வலிச் செய்தி மூளைக்குச் செல்லும் பாதையைச் சிறிது நேரம் அடைக்கிறது. உடன் சேர்க்கும் அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்து விரைவில் கரைந்தோடாமல் தடுக்கிறது. மேல்தாடை எலும்பில் மருந்து எளிதில் ஊறும். ஆகையால் பல்லின் அருகே ஊசி போட்டால் போதும். கீழ்க் கடைவாயில் எலும்பு கெட்டி. அங்கே தாடைக்குள் நுழையும் நரம்பினிடத்திலேயே போடுவார்கள்.

ஒன்றை மறவாதீர்கள்: பழுத்துச் சீழ் கோத்த இடத்தில் அமிலம் மிகுந்திருப்பதால் மருந்து சரியாக வேலை செய்யாது. "தாங்க முடியாதபோது போகலாம்" என்று காத்திருப்பவர்களுக்கே வலி அதிகம்!

சிகிச்சைக்குப் பின் பலமிழந்த கடைவாய்ப் பல் பிளந்துவிடாதிருக்க, அதைச் செதுக்கி மேலே 'கேப்' மாட்டுவார்கள். பல்லுக்கு உணர்ச்சியில்லாவிட்டாலும் ஈறுக்கு உண்டு. எனவே அன்றும் ஊசி தேவைப்படலாம். இருதய நோய், ஒவ்வாமை, கர்ப்பம், சாப்பிடும் மருந்துகள் இவற்றை வைத்தியரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். வீடு திரும்பியதும் உதடு சில மணி நேரம் மரத்திருக்கும். அதுவரை சூடான காப்பியைத் தொடாதீர்கள். குழந்தைகள் உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

1920ல் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் நம் தேசத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தொடங்கினார். இன்று அந்தக் கல்வி பெற்றவர்கள் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கிறார்கள். சூளகிரிக்காரர் அவர்களிடம் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி; கன்னம் வீங்குவதற்கு முன்பே போனால் ஊசி ஒன்றோடு கஷ்டம் தீரும், பல்லும் தங்கும்.