கோன் நூல் அறுந்துகொண்டே இருக்கிறதா? மிஷினைத் திட்டாதீர்கள்!

மூலனூரில் ஒரு வீடு. திண்ணையை ஒட்டிய அறையில் ஒரு கால் மிஷின்.

அந்த வீட்டு அம்மாளுக்குத் தையல்தான் பிழைப்பு. ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் தைப்பார். திங்கட்கிழமை காலையில் மூன்று பிள்ளைகளுக்குச் சீருடை கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை இரவு ஆகிவிட்டது. ஒரு சாண் தைப்பதற்குள் நூல் "பட்" என்று அறுந்தது. மறுபடி கோத்தார். மறுபடி அறுந்தது!

ஊசியை மாற்றினார். எண்ணெய் விட்டார். ரிப்பேர்காரர் வந்து எதையோ முறுக்கிவிட்டு, காசு வாங்கிக்கொண்டு போனார். ஒன்றும் பலிக்கவில்லை.

"மிஷின் போயிருச்சு, கண்ணு. வந்த விலைக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம்.

அந்தப் பெண் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவள். மிஷினை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"மிஷினு நல்லாத்தான் இருக்குதுங்க, அக்கா. கோனைத்தான் தப்பா வச்சிருக்கீங்க!"

என்ன தப்பு?

அந்த அம்மாள் அந்த வாரம்தான் முதன்முதலாகப் பெரிய கோன் நூல் வாங்கியிருந்தார். அதை மிஷின் தலையில் உள்ள சிறிய நூல் கம்பியில் செருகியிருந்தார். அதுதான் வினை!

சிறிய நூல்கண்டு கம்பியில் சுழலும். சுழலச் சுழல நூல் பக்கவாட்டில் வரும். அந்தக் கம்பி அதற்காகவே வைத்தது.

கோன் அப்படி அல்ல. கோன் சுழலக் கூடாது! அது அசையாமல் நிற்க வேண்டும். நூல் மட்டும் அதன் தலைக்கு மேலே எழும்பி வர வேண்டும். கோன் அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கிறதே, ஏன் தெரியுமா? மேலே போகும் நூல் மற்றச் சுற்றுகளில் உரசாமல் போவதற்காகத்தான்.

கனமான கோனைச் சிறு கம்பியில் மாட்டினால் என்ன ஆகும்? ஊசி நூலை இழுக்கும். கோன் நகராது. இன்னும் இழுக்கும். நூல் அறும். சில சமயம் கோன் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிவிடும். அப்போது நூல் தளர்ந்து கம்பியில் சுற்றிக்கொள்ளும். அப்புறமும் அறும்!

பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மிஷின்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மூன்று, நான்கு கோன்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு கம்பி வளையம் இருக்கும்.

செம்பும் கம்பியும்

இதற்கென்று கோன் ஸ்டாண்டு கடையில் கிடைக்கிறது. அன்று இரவு எந்தக் கடை திறந்திருக்கும்? அந்தப் பெண் வீட்டுச் சாமான்களைக் கொண்டே வேலையை முடித்தாள்.

அகல வாய்ச் செம்பு ஒன்றை மிஷினுக்குப் பின்னால் வைத்தாள். அதற்குள் பழைய பனியன் துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் கோனை நிறுத்தினாள். துணி எதற்கு? கோனில் இருந்து சரியும் நூல் அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கு!

பிறகு, துணி மாட்டும் கம்பி ஒன்றை வளைத்து, நுனியில் சிறு வளையம் செய்தாள். அதைச் சுவர் ஆணியில் கட்டினாள். வளையம் கோனின் நடுத்தலைக்கு நேர் மேலே வர வேண்டும். உயரம், கோனைப் போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு. நூலை அந்த வளையத்தில் விட்டு, பிறகு வழக்கமான வழியில் மிஷினுக்குக் கொண்டு வந்தாள்.

கம்பி வளையத்தில் பிசிறு இருக்கக் கூடாது. இருந்தால் அதுவே நூலை அறுத்துவிடும்.

அம்மாள் மிதித்தார். மிஷின் "தடதட" என்று ஓடியது. நூல் அறவில்லை!

இன்னொன்றும் பாருங்கள்

கோன் நூல் எல்லாம் ஒன்றல்ல. ஓவர்லாக்குக்கு வரும் நூல் பெரும்பாலும் மெல்லியது. கோனில் 120 என்று எண் போட்டிருந்தால் அது 80-ஐ விட மெல்லிய நூல். எண் கூடக் கூட நூல் மெலியும். ஊசிக்கு இது நேர்மாறு! எண் கூடினால் ஊசி தடிக்கும். 120 நூலுக்கு 11-ம் எண் ஊசி பொருந்தும். 16-ம் எண் ஊசியில் கோத்தால் தையல் நன்றாக அமையாது. அந்த நூலில் கால்சட்டையின் இருக்கையைத் தைக்காதீர்கள். பையன் உட்காரும்போது மானம் போய்விடும்!

வாங்கும் முன் ஒரு முழம் இழுத்து, கையால் அறுத்துப் பாருங்கள். பஞ்சு போல் அறுந்தால் அது இற்றுப்போன நூல். மலிவு என்று வாங்காதீர்கள். பாபினிலும் அதே கோன் நூலைச் சுற்றிக்கொள்ளுங்கள். தைக்க உட்காருவதற்கு முன்பே இரண்டு பாபின் நிரப்பி வைத்தால் பாதியில் எழுந்திருக்க வேண்டாம்.

5 கிலோ மீட்டர் நூல்!

இவ்வளவு தொல்லை எதற்கு என்கிறீர்களா? ஒரு பெரிய கோனில் 5,000 மீட்டர் நூல் இருக்கும். 5 கிலோ மீட்டர்! நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும். 100 மீட்டர் கண்டு என்றால் 50 கண்டுகள் வாங்க வேண்டும். ஒரு மீட்டர் தையலுக்கு மேல் நூலும் கீழ் நூலும் சேர்ந்து இரண்டரை முதல் மூன்று மீட்டர் பிடிக்கிறது. தையல்காரர்கள் நூலுக்குக் கணக்குப் பார்ப்பதில் வியப்பு இல்லை.

பெரிய இயந்திரங்களைக் கண்டித்த காந்தியடிகளே 1924-ல் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். அந்த மிஷினை ஒரு நூல்கண்டுக்காக விற்பதா?

சீருடைகள் ஞாயிறு மாலையே தயார். ஒரே ஒரு முறைதான் நூல் சிக்கியது. மின்விசிறிக் காற்றில், கோனுக்கும் வளையத்துக்கும் நடுவே நூல் பறந்து ஆணியில் மாட்டிக்கொண்டது. அந்த அம்மாள் விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கத் தைத்து முடித்தார். ஆடி மாதம் வந்தால் மூலனூர்க் காற்றுக்கு ஜன்னலையும் சாத்த வேண்டியிருக்கும்!