பேஸ் கிடார், வால்வு ஆம்ப், உங்கள் கம்ப்யூட்டர்

ராயபுரத்தில் இருக்கும் என் சித்தி மகன் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ் கிடார் வாசிப்பான். மற்ற நாட்களில் நண்பர்களோடு கானா. போன மாதம் போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். டோலக் கேட்டது, சட்டி கேட்டது, பாடியவரின் குரலும் தெளிவாகக் கேட்டது.

"அண்ணா, இதுல நான் வாசிச்சதே கேக்கல. நான் இருந்தேனா இல்லையான்னே தெரியல" என்றான்.

அடுத்த கேள்வி, நீங்களும் கேட்கக்கூடியதுதான்: "வால்வு வச்ச சின்ன பேஸ் ஆம்ப் ஒண்ணு சொல்றாங்க. அத வாங்கி கம்ப்யூட்டர்ல சொருகினா சரியாயிடுமா?"

பாதி சரி, பாதி ஆபத்து! இரண்டையும் பார்ப்போம்.

போனில் பேஸ் ஏன் கேட்பதில்லை?

பேஸ் கிடாரின் தடிமனான ஈ கம்பி ஒரு நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. அதாவது 41 ஹெர்ட்ஸ். அடுத்த ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். போனில் உள்ள ஸ்பீக்கர் நகத்தளவுதான் இருக்கும். இவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ள அதற்குச் சக்தி கிடையாது. லேப்டாப் ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஆனால் ஒரு கம்பி அதிரும்போது 41 மட்டும் வருவதில்லை. அதன் மடங்குகளான 82, 123, 164, 205 என்று மேல் சுரங்களும் சேர்ந்தே வருகின்றன. இந்த மேல் சுரங்கள் காதில் விழுந்தால் போதும். அடிச் சுரம் வராவிட்டாலும் நம் மூளை அதை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். ஆகவே போனில் பேஸ் கேட்க வேண்டுமானால் அடி ஒலியை மேலும் மேலும் கூட்டுவதில் பயனில்லை. மேல் சுரங்களை வளர்க்க வேண்டும்.

வால்வு அங்கே என்ன செய்கிறது?

தாத்தா காலத்து வால்வு ரேடியோ நினைவிருக்கிறதா? அதே குடும்பம்தான். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் இத்தகைய வால்வுகளைத் தயாரித்திருக்கிறது. டிரான்சிஸ்டர் வந்தபின் ரேடியோவிலிருந்து வால்வு மறைந்தது. கிடார் ஆம்ப்களில் இன்றும் நிலைத்திருக்கிறது.

சிறிய பேஸ் ஆம்ப்களில் பெரும்பாலும் இருப்பது 12ஏஎக்ஸ்7 என்ற கட்டை விரல் அளவு கண்ணாடி வால்வு. ஐரோப்பாவில் இதையே ஈசிசி83 என்பார்கள். கெயினைக் கூட்டக் கூட்ட இந்த வால்வு சிக்னலின் முனைகளை மெதுவாக மழுக்குகிறது. அப்போது புதிய மேல் சுரங்கள் பிறக்கின்றன. "வால்வு சவுண்ட் கதகதப்பாக இருக்கும்" என்று சொல்வார்களே, அதில் பெரும்பகுதி இதுதான். கெயினைக் குறைத்து வைத்தால் வால்வு இருப்பதே தெரியாது என்பதையும் கவனியுங்கள்.

முழுக்க வால்வில் ஓடும் ஆம்ப் மிகவும் கனமானது. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் தருவது. அதைத் தூக்க ஆள் வேண்டும். இன்றைய சிறிய ஆம்ப்களில் முன்பகுதியான ப்ரீஆம்ப் மட்டும் வால்வு. ஸ்பீக்கரைத் தள்ளும் பவர் பகுதி கிளாஸ் டி என்னும் டிரான்சிஸ்டர் வகை. அதனால்தான் 500 வாட் ஆம்ப்பைத் தோள் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப்போக முடிகிறது. காலியன்-க்ரூகர் எம்பி பியூஷன் 500இல் மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வுகள் உண்டு. ஆரஞ்ச் டெரர் பேஸும் வால்வு முன்பகுதி, கிளாஸ் டி பின்பகுதி கொண்டதுதான்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. மேடைக்கா, வீட்டுக்கா? வீட்டில் பதிவு செய்ய மட்டும் என்றால் ஆம்ப்பே தேவையில்லை. ஓர் ஆடியோ இன்டர்பேஸ் வாங்கிப் பேஸை அதில் நேராகச் செருகலாம். வால்வு செய்வதைப் போன்ற வேலையைச் செய்ய இலவச சாப்ட்வேர்களே உள்ளன. மேடையில் டிரம்ஸ், சட்டி, டோலக்கோடு வாசிப்பவர் என்றால் 300 வாட்டுக்கு மேல் பாருங்கள். கானாவோடு பேஸ் கிடார் சேருமா என்று கேட்பவர்களுக்கு 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு நல்ல பதில். பறையும் சட்டியும் பேஸ் கிடாரும் அங்கே ஒரே மேடையில் ஒலித்தன.

2. டிஐ அவுட் உள்ளதா? ஆம்ப்பின் பின்புறம் மூன்று ஊசிகள் கொண்ட எக்ஸ்எல்ஆர் சாக்கெட் இருக்கும். கம்ப்யூட்டருக்கான வழி இதுதான். இது இல்லாத ஆம்ப்பைப் பதிவுக்காக வாங்காதீர்கள்.

3. அந்த டிஐ சிக்னல் எங்கிருந்து வருகிறது? பலரும் கோட்டைவிடும் இடம் இது. டிஐ பக்கத்தில் ப்ரீ, போஸ்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பல ஆம்ப்களில் ப்ரீ என்று வைத்தால் சிக்னல் வால்வுக்கு முன்பே பிரிந்து போய்விடும். வால்வுக்காகப் பணம் கொடுத்திருப்பீர்கள். ஆனால் பதிவில் வால்வே இருக்காது! மேனுவலில் உள்ள ப்ளாக் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. ஸ்பீக்கர் எத்தனை ஓம்? ஆம்ப்பில் "4 ஓம் குறைந்தபட்சம்" என்று எழுதியிருந்தால், 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு வரை இணைக்கலாம். வழக்கமான முறையில் இரண்டு 8 சேர்ந்தால் 4 ஆகும். மூன்றாவது பெட்டி கூடாது. ஒரே ஒரு 8 ஓம் பெட்டி என்றால் ஆம்ப் சொல்லும் முழு வாட்டும் கிடைக்காது. ஆனால் ஆபத்தில்லை.

5. எத்தனை வோல்ட்? காசிமேட்டிலும் ராயபுரத்திலும் கப்பலில் வேலை பார்க்கும் மாமாவோ அண்ணனோ இருக்கும் வீடுகள் பல. "அமெரிக்கா போறேன், வாங்கிட்டு வரட்டுமா?" என்று அவர்கள் கேட்டால், முதலில் ஆம்ப்பின் பின்புறத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், நம் ஊரில் 230 வோல்ட். 120 மட்டும் என்று எழுதியிருந்தால் இங்கே நேராகச் செருகக் கூடாது. 115, 230 என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால், செருகும் முன் அதை 230க்கு மாற்றுங்கள்.

நான் செய்த தப்பு

இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். நண்பனின் 50 வாட் ஆம்ப் திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வந்தது. டிஐ பற்றியெல்லாம் எனக்குத் தெரியாது. "ஸ்பீக்கருக்குப் போறதும் சவுண்டுதானே?" என்று ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்து வயர் எடுத்து கம்ப்யூட்டரின் லைன் இன்னில் செருகினேன். ஒரு "டப்" சத்தம். அதோடு கம்ப்யூட்டரின் ஆடியோ போனது.

கணக்கைப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் என்றால் 20 வோல்ட். 4 ஓமில் 500 வாட் என்றால் கிட்டத்தட்ட 45 வோல்ட். கம்ப்யூட்டரின் லைன் இன் எதிர்பார்ப்பது ஒன்றிரண்டு வோல்ட்தான். கிளாஸ் டி ஆம்ப்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலுமே மின்சாரம் இருக்கும், எர்த் வயர் என்று ஒன்று இருக்காது. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால் ஆம்ப்பும் சேர்ந்தே போகும்.

அது அப்பா துறைமுகத்தில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டர். அவர் திட்டவில்லை. "விடுடா, ரிப்பேர் பண்ணிக்கலாம்" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: ஸ்பீக்கர் அவுட்டை எந்தக் காரணத்துக்காகவும் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள்.

சரியான வழி

பேஸ் கிடார், ஆம்ப்பின் இன்புட், ஆம்ப்பின் டிஐ அவுட், ஆடியோ இன்டர்பேஸ், யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டர். இதுதான் வரிசை. போகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யுஎம்2 போன்ற சிறிய இன்டர்பேஸ் புதியவர்களுக்குப் போதும். இனி படிப்படியாகச் செய்வோம்.

முதலில் இன்டர்பேஸில் 48 வோல்ட் என்று எழுதிய பட்டன் இருந்தால் அதை அணைத்து வையுங்கள். அது கண்டன்ஸர் மைக்குக்கானது. கெயினை முழுக்கக் குறைத்த பிறகு கேபிளைச் செருகுங்கள்.

அடுத்து விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று சென்று இன்புட் பகுதியில் உங்கள் இன்டர்பேஸைத் தேர்ந்தெடுங்கள். சிக்னல் வரவில்லையா? செட்டிங்ஸில் ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குச் சென்று மைக்ரோபோன் அனுமதி ஆன் ஆகியுள்ளதா என்று பாருங்கள்.

பிறகு ஆடாசிட்டியைத் திறங்கள். இது இலவசம். ரெக்கார்டிங் டிவைஸாக இன்டர்பேஸையும், சேனலாக மோனோவையும் தேர்ந்தெடுங்கள். கம்பியைப் பலமாக மீட்டும்போது மீட்டர் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையே ஏறுமாறு இன்டர்பேஸின் கெயினை வையுங்கள். சிவப்பைத் தொடக் கூடாது. வால்வு மழுக்குவது இனிமை, கம்ப்யூட்டர் வெட்டுவது கரகரப்பு.

வாசிக்கும் சத்தத்தை இன்டர்பேஸின் டைரக்ட் மானிட்டர் வழியாகக் கேளுங்கள். கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி வரும் சத்தம் தாமதமாகும். 48,000 ஹெர்ட்ஸில் பஃபர் 256 என்றால் ஒரு வழிக்கு மட்டும் 5.3 மில்லி செகண்ட். ஸ்பீக்கரிலிருந்து 1.8 மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். பஃபர் பெரிதாகப் பெரிதாக தாளம் நழுவத் தொடங்கும்.

வால்வுள்ள ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யலாமா? பவர் பகுதியும் வால்வாக இருந்தால் கூடவே கூடாது, டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடும். முன்பகுதி மட்டும் வால்வு, பின்பகுதி கிளாஸ் டி என்றால் பொதுவாகப் பாதிப்பில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கும் பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்யாமல் பதிவு செய்யலாம். மேனுவலில் ஒருமுறை சரிபாருங்கள்.

ஹம் சத்தமும் உப்புக் காற்றும்

பதிவில் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் கேட்டால், ஆம்ப்பையும் கம்ப்யூட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். தீராவிட்டால் டிஐ பக்கத்தில் உள்ள கிரவுண்ட் லிப்ட் சுவிட்சை அழுத்துங்கள். சிலர் பிளக்கின் எர்த் ஊசியையே கழற்றிவிடுகிறார்கள். வேண்டாம். அந்த ஊசிதான் உங்கள் உயிரைக் காப்பது. வால்வுக்குப் போகும் மின்சாரம் 200, 300 வோல்ட் வரை இருக்கும். ஆப் செய்த பிறகும் உள்ளே தேங்கி நிற்கும். மூடியைத் திறக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டரின் யுபிஎஸ்ஸில் ஆம்ப்பைச் செருகாதீர்கள். அது கம்ப்யூட்டரை ஒழுங்காக மூடும் வரை தாங்குவதற்கு மட்டுமே.

எண்ணூர் முதல் ராயபுரம் வரை கடலோரம் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்று இன்னொரு எதிரி. ஜாக்குகளில் பச்சை பூத்துக் கரகரக்கும். வாசித்து முடித்ததும் ஆம்ப் ஆறியபின் துணி உறை போட்டு மூடுங்கள். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். அவ்வப்போது கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் ஒவ்வொரு குமிழையும் திருப்பிப் பாருங்கள், ஜாக்கை ஆட்டிப் பாருங்கள், வால்வு சூடாகும் வரை காத்திருந்து கேளுங்கள்.

மோட்டார் ஊரில் நடந்தது

ஆம்ப் இல்லாமல் நேராகப் பதிவு செய்வது மட்டமான வேலை என்று நினைக்க வேண்டாம். எண்ணூரில் லாரியும் திருவொற்றியூரில் புல்லட்டும் தயாரானதுபோல் அமெரிக்காவின் டெட்ராய்ட் கார் தயாரித்த ஊர். அங்கே கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி 1959இல் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு மோடவுன் ஆனது. "மோட்டார் டவுன்" என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். அங்கே வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் இன்றும் பாடமாகப் படிக்கப்படுகிறது. வெளியே கிளப்களில் அவர் ஆம்பெக் பி-15 வால்வு ஆம்ப் பயன்படுத்தினார். ஸ்டுடியோவில் அவர் பேஸ் பெரும்பாலும் நேராகப் பதிவுக் கருவிக்கே சென்றது.

தம்பி என்ன செய்தான்?

முதலில் இன்டர்பேஸ் மட்டும் வாங்கச் சொன்னேன். ஆம்ப்புக்குச் சேர்த்த பணத்தில் மிச்சம் பிடித்து, இரண்டு மாதம் கழித்து வால்வு ப்ரீஆம்ப் உள்ள சிறிய ஹெட் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்தான். சர்ச்சில் 8 ஓம் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது, மேடைக்கு அது போதும். வீட்டில் டிஐ சுவிட்சைப் போஸ்டில் வைத்து, கெயினைக் கொஞ்சம் ஏற்றி, அதே பாட்டை மறுபடி வாசித்தான்.

கலந்து முடித்ததும் ஹெட்போனில் கேட்கவில்லை. சித்தியின் பழைய போனில் போட்டோம். அடுப்படியிலிருந்து சித்தி, "டேய், அந்த 'டும் டும்'முனு வருதே, அது நீயா?" என்றார்.

நீங்களும் அப்படியே சோதியுங்கள். வீட்டிலேயே மட்டமான ஸ்பீக்கர் உள்ள போனை எடுத்து, உங்கள் பாட்டை ஓடவிடுங்கள். அதில் பேஸ் கேட்டால் எல்லா இடத்திலும் கேட்கும். முயன்று பாருங்கள், வாழ்த்துகள்!