சத்தமில்லாத கார்



போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு மின்சார சொகுசுக் காரில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தேன். "நீ எப்படி அதுல ஏறுன?" என்று திங்கட்கிழமை முழுக்க எல்லாரும் கேட்டீங்க. எங்க அப்பா ஆக்டிங் டிரைவர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் ஆண்டாள் கோயிலுக்கு வந்திருந்தாங்க. ஓட்டி வந்த ஐயாவுக்குக் கழுத்து வலி. அதனால் அப்பாவைக் கூப்பிட்டாங்க. அவங்க வீட்டுப் பாட்டிக்குக் கோயிலில் கையைப் பிடித்துக் கூட்டிப் போக ஆள் வேணும் என்று என்னையும் வரச் சொன்னாங்க. கார் கம்பெனி பெயரை எழுதவில்லை. சுவர்ப் பத்திரிகையில் விளம்பரம் வேண்டாம் அல்லவா!

முதல் கூத்தே வண்டி கிளப்பும்போதுதான். சாவி கிடையாது, ஒரு பட்டன். அப்பா அமுக்கினாங்க. ஒரு சத்தமும் இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி அமுக்கினாங்க, அணைந்துவிட்டது! மூன்றாவது தடவை அந்த ஐயா சிரித்துக்கொண்டே, "முதல்லயே ஸ்டார்ட் ஆயிருச்சு டிரைவர்" என்றார். அப்பா 22 வருஷமாக வண்டி ஓட்டுறாங்க. என்ஜின் சத்தத்தை வைத்தே "இதுக்கு ஆயில் மாத்தணும்" என்று சொல்லிவிடுவாங்க. அன்றைக்கு அவங்க முகம் பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பிள்ளை முகம் மாதிரி இருந்தது. இடது கால் வேறு இல்லாத கிளட்சைத் தேடிக்கிட்டே இருந்தது.

பஞ்சு மார்க்கெட் தாண்டி ரோடு காலியானதும் அப்பா கொஞ்சம் மிதிச்சாங்க. அப்பாடா! முதுகை யாரோ சீட்டோடு சேர்த்து அமுக்கினது மாதிரி இருந்தது. இதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல், டீசல் என்ஜின் நன்றாகச் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் முழு இழுவையைத் தரும். அதனால்தான் முதல் கியர், இரண்டாம் கியர் எல்லாம். மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையைத் தரும். அதனால் இந்த மாதிரிக் கார்களில் கியர் மாற்றும் வேலை இல்லை.

இன்னொரு அதிசயம், மிதியிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக மெதுவாகிறது. பிரேக்கை அப்பா பாதி நேரம் தொடவே இல்லை. தாத்தா காலத்துச் சைக்கிளில் டைனமோ பார்த்திருப்பீங்க. டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்ததும் லைட் எரியும், ஆனால் மிதிப்பது கனமாகும். அதே கதைதான். காலை எடுத்ததும் காரின் மோட்டாரே டைனமோவாக மாறி, சக்கரத்தை இழுத்துப் பிடித்து, அந்த ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பழக்கம் இல்லாததால் அப்பா முதலில் காலைச் சட்டென்று எடுத்து எடுத்து எங்களைக் கும்பிடு போட வைத்தாங்க. பாட்டி, "கோயில் வர்றதுக்கு முன்னாடியே கும்பிட வைக்கிறியேப்பா" என்றார்கள்.

வளைவில் உடம்பு சாயவே இல்லை. கனமான பேட்டரி தரைக்கு அடியில் பலகை மாதிரி பரப்பி இருக்கிறதாம். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு அடியில் கனம் வைப்பது போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வண்டி தாழ்வு. வேகத்தடை வந்தால் அப்பா கோணலாகத்தான் ஏற்றினாங்க.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். பென்ஸ் கம்பெனியின் இ.க்யூ.எஸ். 580 என்ற மின்சாரக் கார் 2022-ல் புனே அருகே சாக்கனில் பூட்டப்பட்டு விற்பனைக்கு வந்தது. அப்போது விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதன் பேட்டரி 107.8 யூனிட் பிடிக்கும். நம் வீடுகளுக்கு அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தருவது 100 யூனிட். அது அந்தக் காருக்கு ஒரு தடவை வயிறு நிரம்பக்கூடப் பத்தாது! வீட்டில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் என்ன ஆகும்? 230 வோல்ட்டை 15-ஆல் பெருக்கினால் 3450 வாட், அதாவது மணிக்கு மூன்றரை யூனிட்டுக்கும் குறைவு. நிரம்ப 31 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் கரண்ட் போனால் அது தனி.

ஆனால் ஓட்டத்தில் சிக்கனம்தான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர். இந்த மாதிரி பெரிய மின்சாரக் காருக்கு இரண்டு, இரண்டரை யூனிட் போதும். இரண்டு மணி நேரம் துணி தேய்க்கும் கரண்ட். பெட்ரோல் கார் என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர் குடித்துவிடும். "புகையே இல்லாத கார்" என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். கரண்ட் முப்பந்தல் காற்றாலையிலிருந்தும் வரும், தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்தும் வரும். புகை இடம் மாறியிருக்கிறது, காற்றாலை கூடினால் குறையும்.

இது புதுசு என்று நினைத்தால் அதுவும் இல்லை. 1899-லேயே காமில் ஜெனாட்சி என்ற பெல்ஜியம்காரர் மின்சாரக் காரில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டார். மோட்டார் கார் அந்த வேகத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பிறகு பெட்ரோல் மலிவானது. கையால் சுற்றிக் கிளப்பும் தொல்லையும் 1912-ல் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்து ஒழிந்தது. மின்சாரக் கார் மறைந்தது. இப்போது திரும்பி வந்துவிட்டது. நம் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியிலேயே 2025 ஆகஸ்டில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனி மின்சாரக் கார் தொழிற்சாலை திறந்திருக்கிறது.

சரி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மடவார்விளாகம் தாண்டி ஒரு சின்னத் தெருவுக்குள் திரும்பினோம். வண்டி மெதுவாகத்தான் போனது. ஒரு பாட்டியம்மா நாலு ஆட்டோடு வீட்டு ஓரத்திலிருந்து திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் இறங்கிவிட்டார்கள். அப்பா பிரேக்கைப் போட்டாங்க. கடைசி ஆட்டுக்கும் காருக்கும் ஒரு முழம்தான் இருந்திருக்கும். என் நெஞ்சு அடித்த சத்தம் எனக்கே கேட்டது. அந்த அளவுக்குக் காருக்குள் அமைதி! பாட்டியம்மா திரும்பிப் பார்த்து, "ஏய்யா, பாம்பு மாதிரி சத்தமில்லாம பின்னால வந்து நிக்கிறியே!" என்று திட்டினார்கள்.

அவர்கள் மேல் தப்பு இல்லை. நாமும் அப்படித்தான். சின்னத் தெருவில் யாரும் கண்ணால் பார்த்து ரோட்டைக் கடப்பதில்லை, காதால்தான் கடக்கிறோம். புல்லட் வருது, மினி பஸ் வருது, பால்காரர் வர்றார், எல்லாம் காது சொல்கிறது. கார் வேகமாகப் போகும்போது டயர் சத்தமே கேட்டுவிடும். மெதுவாகப் போகும்போதுதான் மின்சாரக் கார் கேட்காது. மெதுவாகப் போகும் இடம் எது? நம் தெரு, பள்ளிக்கூட வாசல், கோயில் வாசல். பார்வை இல்லாதவர்களை நினைத்துப் பாருங்க.

இதற்காக ஐரோப்பிய நாடுகளில் 2021 ஜூலையிலிருந்து விற்பனைக்கு வரும் எல்லாப் புது மின்சாரக் காரும் 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், ரிவர்ஸ் எடுக்கும்போதும் தானாகச் சத்தம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் நாட்டிலும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 செப்டம்பரில் இதற்கான வரைவு விதியை வெளியிட்டது.

அன்றைக்குக் கோயிலில் பாட்டியோடு சுற்றி வரும்போது ஆடிப்பூரத் தேர் ஞாபகம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓடுவதிலேயே பெரிய வண்டி அதுதானே! எவ்வளவு சத்தம்! கொட்டு, "கோவிந்தா" கோஷம், முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கூச்சல். தேர் வருவது ரத வீதியில் யாருக்கும் தெரியாமல் போகாது.

திரும்பி வரும்போது அதே தெருவில் ஒரு தாத்தா சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துத் தள்ளிக்கொண்டு நடு ரோட்டில் போனார். கார் பின்னால் வருவது அவருக்குத் தெரியவில்லை. "ஹாரன் அடிங்க டிரைவர்" என்றார் ஐயா. அப்பா அடிக்கவில்லை. "இவ்ளோ பக்கத்துல அடிச்சா பெரியவர் பதறி விழுந்துருவார்ங்கய்யா" என்று சொல்லி, கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "பெரியவரே, கொஞ்சம் ஓரமாப் போங்க!" என்று கூப்பிட்டாங்க. அவர் ஒதுங்கி, காரை மேலும் கீழும் பார்த்து, "தள்ளிக்கிட்டா வாரீங்க?" என்று கேட்டார். ஐயா கூடச் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு ராஜபாளையம் வரை அப்பா கண்ணாடியை ஏற்றவே இல்லை. ஏ.சி. வீணாகிறது என்று யாரும் சொல்லவும் இல்லை.

எனக்கு அந்தக் கார் பிடித்ததா என்றால், ரொம்பப் பிடித்தது. லைசென்ஸ் எடுக்க இன்னும் 4 வருஷம் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்தவர்களுக்கு அது குளிர்ந்த கிணற்றுக்குள் போவது மாதிரி சுகம். ஆனால் நான் பாதி நேரம் வெளியே நடந்து போகிற ஆள்தான். அதனால் சத்தம் போடும் சட்டம் சீக்கிரம் வரட்டும், ஓட்டுகிறவங்க தெருவுக்குள் கண்ணாடியை இறக்கட்டும் என்பது என் கருத்து.

சாயங்காலம் சம்பளம் வாங்கிக்கொண்டு எங்க பழைய மொபட்டில் வீட்டுக்குக் கிளம்பினோம். அப்பா உதைத்துக் கிளப்பி, கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாங்க. "செயின் தளர்ந்திருக்கு பாப்பா, நாளைக்கு டைட் வைக்கணும்" என்றாங்க. காலையிலிருந்து அப்போதுதான் அவங்க முகம் பழையபடி ஆனது.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி